தொய்வுக்கு லீவு உண்டு, சம்பளம் இல்லை

நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒருவர் சுகமில்லாமல் வீட்டில் நின்றால், எவரும் வந்து கையைப் பிடித்து வேலைக்கு இழுத்துச் செல்வதில்லை. அந்த வகையில் பார்த்தால் எமது தோட்டத் தொழிலாளருக்கு லீவுக்குக் குறைவே கிடையாது. அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழாது, அவ்வளவுதான். கொவிட்-19 காலத்தில் தொய்வு வருத்தக்காரர் பட்ட பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் இதிலிருந்துதான் நாம் தொடங்கவேண்டும்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பாடசாலைகள், அலுவலகங்கள், கடைகள் எல்லாம் அடைபட்டன. தேயிலை மட்டும் நிற்கவில்லை. விவசாயமும் தேயிலையும் அத்தியாவசியத் தொழில்கள் என்று அனுமதி வழங்கப்பட்டது. கொழும்பு தேயிலை ஏலம் ஏப்ரல் 4 ஆம் திகதி முதன்முறையாகக் கணனி வழியே நடைபெற்றது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. தொழிலாளருக்கும் அந்த வேலை தேவைப்பட்டது. நகரத்தில் கூலி வேலை செய்தவர்கள் வெறுங்கையோடு இருந்தபோது லயத்து அடுப்பு எரிந்ததற்கு அதுவே காரணம். ஆனால் தேயிலை நிற்கவில்லை என்றால், தேயிலைத் தூசிக்குள் வேலை செய்பவர்களும் நிற்கவில்லை என்றுதானே பொருள்?

ஹற்றன் பகுதித் தோட்டமொன்றில் நாம் சந்தித்த ஒரு தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருடமாக ஸ்டோரில், சலிக்கும் அறையில் வேலை. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது பஞ்சு போன்ற மெல்லிய தூசி எழும்பும். அது மூக்கு, தொண்டை, தலைமுடி என்று எங்கும் படியும். அவருக்கு எட்டு வருடமாக இழுப்பு. இரண்டு மாதத்துக்கொரு முறை கிளினிக்குக்குப் போய், கப்சூல் போட்டு உறிஞ்சும் மருந்து எடுப்பார். 2020 ஏப்ரலில் வானொலியில், நெஞ்சு வருத்தக்காரர் கவனமாக இருக்கவேண்டும் என்று கேட்டுப் பயந்துபோனார். லீவு கேட்டுப் பார்த்தீர்களா என்று நாம் விசாரித்தோம்.

"கேட்டா குடுப்பாங்க பாதர். லீவு குடுப்பாங்க, சம்பளம் குடுக்க மாட்டாங்க. எத்தனை நாளைக்கு நிக்கிறது?"

அன்றைய நாட்சம்பளம் அடிப்படை 700 ரூபாவும் அதற்கு மேல் 50 ரூபாவும். இரண்டு கிழமை வீட்டில் நின்றால் பன்னிரண்டு பேர் போகும், அதாவது 9,000 ரூபா. கணவர் இல்லை, மகள் உயர்தரம் படிக்கிறாள். அவர் நிற்கவில்லை. துணி முகக்கவசம் கட்டிக்கொண்டு அதே சலிக்கும் அறைக்குப் போனார். தூசியை அந்தத் துணி ஓரளவு மறித்தது, மூச்சையும் மறித்தது.

தேயிலைத் தூசி தொய்வை உண்டாக்கும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியல்ல. எமது நாட்டு நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட, 'டீமேக்கர்' ஒருவருக்குத் தேயிலையால் வந்த தொய்வைப் பற்றி 1970 இலேயே பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதினார். 1984 இல் கறுவாத் தொழிலாளரின் தொய்வைப் பற்றியும் எழுதினார். உலகம் வாசித்த அந்த ஆய்வுகளை எமது ஸ்டோர்களின் சலிக்கும் அறைகள் வாசித்ததாகத் தெரியவில்லை.

இனி, இருமல். சாதாரண காலத்தில் ஸ்டோரில் ஒருவர் இருமினால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2020 இல் இருமல் குற்றமாகிவிட்டது. தொய்வுக்காரர் இருமினால் பக்கத்தில் நிற்பவர் விலகினார். டிஸ்பென்சரிக்குப் போனால் தனிமைப்படுத்தி விடுவார்கள் என்ற பயம். தனிமைப்படுத்தல் என்றால் வீடு முழுவதற்கும் பதினான்கு நாள், எல்லோருடைய பேரும் போகும். முன்பெல்லாம் இழுப்பு வந்தால் வைத்தியசாலையில் ஆவி பிடித்துவிட்டு வருவார்கள். அந்த இயந்திரத்தால் கிருமி காற்றில் பரவலாம் என்ற அச்சத்தால் பல இடங்களில் அதையும் குறைத்தார்கள். ஆகவே பலர் இருமலை மறைத்தார்கள். மறைக்க முடியாத இரவுகளில் லயத்துச் சுவர் வழியாக அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரச ஊழியருக்கு ஆண்டில் 45 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. கடை, அலுவலக ஊழியருக்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய லீவும் உண்டு. சுகயீனத்துக்கு அந்த ஏழு நாளைப் பயன்படுத்தலாம். சம்பளச் சபைகளின் கீழ் வரும் தோட்டத் தொழிலாளருக்கோ வருடாந்த விடுமுறை மட்டுமே, அதுவும் முந்திய ஆண்டில் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதைப் பொறுத்து. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தொய்வுக்காரர் அடிக்கடி நிற்பவர். நின்ற நாட்கள் கூடக்கூட, அடுத்த ஆண்டில் அவருக்கு உரிய விடுமுறை குறையும். லீவு அதிகம் தேவைப்படுபவருக்கு லீவு குறைவு! 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிடக் கூர்மையாக ஒன்று இருந்தது. நாளொன்றுக்குக் கிடைத்த 730 ரூபாவில் 60 ரூபா வருகைக் கொடுப்பனவு. நூற்றுக்கு 75 வீத நாட்கள் வேலைக்கு வராவிட்டால் அது இல்லை. 2019 ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை எடுபட்டது. அதைப் பெரிய வெற்றியென்று எவரும் பேசவில்லை, நோயாளருக்கு அது வெற்றியே.

2020 மே மாதத்தில் அரசும் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கூடி ஓர் இணக்கம் கண்டன. பெருந்தொற்றினால் வேலைக்கு அழைக்கப்படாத தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் எது கூடவோ அதைக் கொடுக்கவேண்டும் என்பதே அது. நல்ல இணக்கம். ஆனால் 'அழைக்கப்படாத' என்ற சொல்லைப் பாருங்கள். முதலாளி அழைக்காவிட்டால் பணம் உண்டு. முதலாளி அழைத்து, நெஞ்சு வருத்தத்தால் தொழிலாளி போக முடியாவிட்டால்? அந்த இடத்தில் எழுத்து எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் அதே காலத்தில் கடுமையான தொய்வுள்ளவர்களை அரச சுகாதார சேவையே பட்டியலிட்டு, வீட்டிலேயே இருக்கும்படி கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதமே வேலைத்தலத்துக்குச் சான்று. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து அதைக் காட்டிச் சட்டபூர்வ நோய்க்காலப் படியாக வாரத்துக்கு 95.85 பவுண் பெறமுடிந்தது. அங்கே அது சொற்பத் தொகைதான். அங்குள்ள தொழிற்சங்கங்களும் அதைக் குறைகூறின. எமக்கு முக்கியமானது தொகையல்ல. நோயாளி துரையின் வாசலில் நின்று தன் மூச்சிரைப்பை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கடிதம் அவரைத் தேடி வந்தது, கடிதத்தோடு கொஞ்சம் காசும் வந்தது. காசில்லாத கடிதத்தை எமது மக்கள் என்ன செய்வார்கள்? வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவர்களை நாம் அறிவோம்.

இது நோயாளியின் தனிப்பட்ட பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. 2020 ஒக்டோபர் 4 ஆம் திகதி மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலை ஊழியர் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. சில நாட்களுக்குள் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பரவியிருந்தது. சுகமில்லாமல் வீட்டில் நிற்பவரின் சம்பளத்தை வெட்டும் இடத்தில், காய்ச்சல்காரரும் இயந்திரத்தின் முன்னால் வந்துதான் உட்காருவார்.

தொய்வைப் பற்றி அன்று தெரியாத பலவும் பின்னர் தெரிந்தன. மருந்தை ஒழுங்காக எடுத்து நோயைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்குக் கொவிட்டினால் பெரிதாக ஆபத்துக் கூடுவதில்லை. அடிக்கடி கடுமையாக இழுத்து, ஸ்டீரொயிட் குளிசை எடுக்க வேண்டிவருபவருக்கே ஆபத்து அதிகம். எனவே தொய்வுள்ள எல்லோரும் மாதக்கணக்கில் வீட்டிலிருக்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. வேண்டியது வேறு: கிளினிக் நாளுக்குச் சம்பளம், இழுப்பு வந்த நாட்களுக்குச் சம்பளம், தூசியில்லாத மாற்று வேலை.

இதில் லீவுக்கு இன்னொரு பயனும் உண்டு. தூசியால் வரும் தொய்வா, பிறவியிலேயே உள்ள தொய்வா என்று அறிய வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, "ஞாயிற்றுக்கிழமையில் சுகமா? ஊருக்குப் போய் ஒரு கிழமை நின்றால் சுகமா?" என்பதே. வேலைத்தலத்தை விட்டு விலகியிருக்கும்போது இழுப்புக் குறைந்து, திரும்பியதும் கூடினால், காரணம் பெரும்பாலும் அங்கேதான். ஒரு கிழமைகூட நிற்க வழியில்லாதவருக்கு இந்தக் கேள்விக்கே பதில் இல்லை. விறகுப் புகையும் லயத்து ஈரமும் சேர்ந்தால் பழி எல்லாம் அவற்றின் மேல் விழும், ஸ்டோர் தப்பிவிடும். ஆகவே ஒரு சாதாரணக் கொப்பியில் திகதியும், அன்று செய்த வேலையும், இழுப்பு வந்ததா இல்லையா என்பதும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கிளினிக் கொப்பியோடு அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். 'தூசியில்லாத வேலை கொடுக்கப்படவேண்டும்' என்று அவர் எழுதித் தந்தால் அதன் பிரதியொன்றைத் தொழிற்சங்கத் தலைவரிடம் கொடுங்கள், மூலப்பிரதியைக் கைவிடாதீர்கள்.

மேலே சொன்ன தாய் அப்படி ஒரு கொப்பி எழுதினார், மகளின் கையெழுத்து. ஆறு மாதப் பதிவை வைத்தியர் பார்த்துத் துண்டு எழுதினார். தோட்டக் கமிட்டி இரண்டு முறை துரையைச் சந்தித்தபின், 2021 இன் கடைசியில் அவரையும் இன்னும் இரண்டு பெண்களையும் கொழுந்து வாட்டும் மாடிக்கு மாற்றினார்கள். அங்கே தூசி குறைவு. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து கிளினிக்கில் கப்சூல் இல்லாமற்போன மாதங்களிலும் முன்னைப்போல் இழுக்கவில்லை என்கிறார். கிளினிக் நாளுக்குச் சம்பளம் கேட்டுக் கமிட்டி கொடுத்த கடிதத்துக்கு மட்டும் நாம் கடைசியாக விசாரித்தபோதும் பதில் வந்திருக்கவில்லை. கிளினிக் போகும் அன்று அவருக்கு இன்னமும் பேர் இல்லை.