கடைத் திறப்பைக் காக்கும் வளையம்

கடையின் இரும்புப் பெட்டி எவ்வளவு கனமாக இருந்தாலும் அதன் பாதுகாப்பு கடைசியில் ஒரு சின்னக் கம்பி வளையத்தில்தான் தொங்குகிறது. ஆமைப்பூட்டு வாங்குவதற்கு நாம் நாலு கடை ஏறி இறங்குகிறோம். நல்ல கம்பெனியா, எத்தனை லீவர் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் அந்தப் பூட்டின் திறப்பைக் கோர்க்கும் வளையம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கலண்டரோடு யாரோ இனாமாகக் கொடுத்த கீ டெக் என்பார்கள்.

எனக்குத் தெரிந்த அரிசி மொத்த வியாபாரி ஒருவர் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, லாச்சியின் மேல் வைத்துவிட்டுப் போன கோர்வையில் இரும்புப் பெட்டியின் திறப்பு மட்டும் இல்லை. அந்த நேரம் கடையில் இருந்தது வேலைக்கு நின்ற பையன் ஒருவன் மட்டுமே. முதலாளி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே பெட்டியின் பூட்டை மாற்றினார். அதற்குப் பிறகு பையனைக் கடையில் தனியாக விடவுமில்லை. பையனுக்கா விளங்காது? மூன்று வாரம் கழித்து மூட்டை அடுக்கை இறக்கும்போது அடியில் அந்தத் திறப்பு கிடந்தது. அன்று காலை அவரே கோர்வையை இடுப்பில் சொருகிக்கொண்டு மூட்டைகளின் மேல் ஏறியிருந்தார். வளையத்தை எடுத்துப் பார்த்தால் அதன் இரண்டு சுற்றுக்கும் இடையில் ஒரு நாணயக் குற்றி போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. பூட்டு மாற்றிய செலவை அவர் மறந்துவிட்டார். பையனிடம் மன்னிப்புக் கேட்ட அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

காரூனின் கருவூலத் திறப்புகளைச் சுமக்க ஒரு கூட்டமே தேவைப்பட்டதாக அல்குர்ஆனில் ஓதியிருக்கிறோம். நம்முடையது பத்துப் பன்னிரண்டு திறப்புகள்தான். அதைச் சரியாகச் சுமக்கும் வளையம் எது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். இதை விற்பவர்களுக்கும், புதிதாக ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் பட்டறைக்காரர்களுக்கும் இது உதவும்.

நாம் எல்லோரும் பாவிப்பது இரட்டைச் சுற்று வளையம். ஒரே கம்பியை இரண்டு முறை சுற்றி, இரண்டு சுற்றும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்படி விட்டிருப்பார்கள். திறப்பைக் கோர்க்க வேண்டுமானால் நகத்தால் நுனியைக் கிளப்பி, இரண்டு சுற்றுக்கும் இடையில் திறப்பை நுழைத்து, முழுதாக ஒரு சுற்று ஓட்ட வேண்டும். 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள வளையத்தில் இந்தப் பாதை ஏறக்குறைய 88 மில்லிமீற்றர் நீளம். இந்த வளையத்தின் பாதுகாப்பு எல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. நுனி எதிலாவது மாட்டிக் கொஞ்சம் கிளம்பினாலும் திறப்பு உடனே விழாது. அது 88 மில்லிமீற்றரையும் கடந்தாக வேண்டும். அதோடு, திறப்புகளின் பாரம் வளையத்தை வெளிப்பக்கமாக இழுக்கிறது. வளையம் திறப்பதோ பக்கவாட்டில். பாரம் இழுக்கும் திசையும் வாய் திறக்கும் திசையும் வேறு வேறாக இருப்பதால், பாரம் கூடினாலும் வாய் இலேசில் திறப்பதில்லை.

அப்படியானால் அரிசி வியாபாரியின் வளையம் ஏன் பிளந்தது? கம்பி மென்மையானது. இந்த இடத்தில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். கம்பியின் விறைப்பு வேறு, வளைத்து விட்டால் பழைய நிலைக்கு மீளும் குணம் வேறு. சாதாரண மென்னுருக்குக் கம்பியும் நல்ல வில்லுருக்குக் கம்பியும் ஒரே தடிப்பில் இருந்தால், கொஞ்சமாக வளைக்கும்போது கைக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் கடையில் நின்று விரலால் அமத்திப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கூடுதலாக வளைத்த பிறகுதான் தெரியும். வில்லுருக்கு திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். மென்னுருக்கு வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். மென்கம்பி வளையத்தில் நாம் ஒவ்வொரு முறை திறப்பு கோர்க்கும்போதும் வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்துகொண்டே போகிறது.

சரி, தடித்த கம்பியைப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? 1.5 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதிலாக 2 மில்லிமீற்றர் கம்பி போட்டால் வளையம் மூன்று மடங்குக்கு மேல் விறைத்துவிடும். ஏனென்றால் விறைப்பு தடிப்பின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. அதே கம்பியில் வளையத்தை 30 மில்லிமீற்றரிலிருந்து 25 ஆகச் சிறிதாக்கினாலும் விறைப்பு ஏறக்குறைய 1.7 மடங்காகும். அப்போது திறப்பு விழாது என்பது உண்மை. நகம்தான் விழும். வயதான முதலாளிமார் வளையத்தைத் திறக்கக் கத்தி நுனியைத் தேடுவதும், அதில் விரலை வெட்டிக்கொள்வதும் நாம் காணாததல்ல. திறக்க இலகுவாகவும் இருக்க வேண்டும், பிடித்தால் விடவும் கூடாது என்ற இரண்டும் முரண்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். தடிப்பை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் அது முரண்பாடுதான்.

இதற்கு மாற்றாக வந்த சிலவற்றையும் பார்க்கலாம். மலையேறுவோரின் கொளுக்கி போன்றவை இப்போது எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன. ஒரு விரலால் அமத்தினால் திறந்துகொள்ளும். அதன் கதவு உட்பக்கமாகத் திறப்பது நல்ல யோசனை. உள்ளே தொங்கும் பாரம் கதவைத் திறக்காது, சாத்தியே வைக்கும். ஆனால் வெளியிலிருந்து எது அமத்தினாலும் திறந்துவிடும். அமத்துவது விரலா, காற்சட்டைப் பையின் தையலா என்று அதற்குத் தெரியாது. கடக்க வேண்டிய பாதையும் சில மில்லிமீற்றர்தான். கோர்வையை இடுப்பில் மாட்டிக்கொள்ள அது போதும், திறப்புகளை நேரடியாக அதில் கோர்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. திருகுக் குமிழ் வைத்த லாட வடிவ வளையம் பார்க்க அழகு. ஆனால் மோட்டார் சைக்கிளில் அதிர்ந்து அதிர்ந்து புரி கழன்றுவிடும். புரியை ஒட்டும் பசை போட்டால் கழலாது, பிறகு நம்மாலும் கழற்ற முடியாது. இழுத்தால் இரண்டாகப் பிரியும் வகையும் உண்டு. அதில் பாரம் இழுக்கும் திசையும் பிரியும் திசையும் ஒன்று. இழுப்பதற்கு முன் ஒரு பொத்தானையோ விளிம்பையோ வேறு திசையில் அமத்த வேண்டும் என்று செய்திருந்தால் மட்டும் அதை வாங்கலாம்.

மோட்டார் சைக்கிள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில், ஓடிக்கொண்டிருக்கும்போதே வாகனத்தை நிறுத்திவிடக்கூடிய திறப்புச் சுவிட்ச் கோளாறுக்காக இலட்சக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தது. சுவிட்ச் மாற்றும் வரை வளையத்திலுள்ள மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாகனத் திறப்பை மட்டும் வைத்து ஓட்டும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இன்னும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அது செய்த திருத்தம் நமது பேச்சோடு நேரடியாகத் தொடர்புடையது. திறப்பின் தலையில் நீளமாக இருந்த துளையை வட்டத் துளையாக மாற்றினார்கள், அவ்வளவுதான். நீளத் துளையில் வளையம் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். அங்கே பாரம் தொங்கும்போது வண்டி குலுங்கினால் அது நெம்புகோல் போல் திறப்பைத் திருப்பும். வட்டத் துளையில் வளையம் நடுவிலேயே நிற்கும். நமது ஊரில் கடைத் திறப்பு, வீட்டுத் திறப்பு, அலுமாரித் திறப்பு எல்லாவற்றையும் பைக் திறப்போடு கோர்த்துத் தொங்கவிட்டு ஓட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாகனத் திறப்புக்குத் தனி வளையம் போட்டால் சுவிட்சும் தேயாது, வளையத்துக்கும் அந்தக் குலுக்கல் இல்லை.

இனி, நல்ல வளையம் எப்படி இருக்க வேண்டும்? இரட்டைச் சுற்றின் நீண்ட பாதையை அப்படியே வைத்துக்கொண்டு, வாயை மட்டும் இலகுவாக்க வேண்டும். சாதாரணமாக நாம் பாவிக்கும் திறப்புகள் 2 மில்லிமீற்றர் அளவு தடிப்பானவை. நுனியை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக வெளிப்பக்கம் வளைத்து விட்டால் நகம் நுழையும், திறப்பு நுழையாது. நுனியைச் சீவி மழுக்கிவிட்டால் துணியில் மாட்டாது. இது மிக மலிவான திருத்தம். இதைக்கூடப் பலர் செய்வதில்லை.

இன்னும் நல்லது, கம்பியைத் தட்டையாக எடுத்து ஒரு சுற்றில் மெல்லிய அலை வளைவு கொடுப்பது. கிணற்றுத் துலாவின் ஒரு பக்கத்தை இழுத்தால் மறுபக்கம் கிளம்புவதுபோல், வளையத்தில் ஓர் இடத்தை இரண்டு விரலால் அமத்தினால் நுனி தானாகவே கிளம்பும். நகத்துக்கு வேலையில்லை. விட்டவுடன் நுனி படிந்துவிடும். சட்டைப் பைக்குள் ஏதாவது தற்செயலாக அமத்தினாலும், அமத்திக்கொண்டே திறப்பை முழுச் சுற்றும் ஓட்ட எந்தக் கைக்குட்டையாலும் முடியாது. இவ்வகை வளையங்கள் வெளிநாட்டுச் சந்தையில் விற்பனையில் இருக்கின்றன. சாதாரண வளையத்தை விட விலை கூடத்தான்.

பட்டறையில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு வார்த்தை. மெத்தைச் சுருள்களுக்குப் பாவிக்கும் வகையான, இழுத்து வலுவாக்கிய வில்லுருக்குக் கம்பியை எடுத்தால், சுற்றிய பிறகு செந்தணலில் காய்ச்சித் தோய்க்க வேண்டிய தேவையில்லை. 250 பாகை செல்சியஸ் அளவில் அரை மணித்தியாலம் வைத்து எடுத்தால் போதும். சுற்றும் உருளை, வேண்டிய விட்டத்தை விடச் சிறிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் கம்பி விரிந்து வரும். சுற்றும்போதே ஒரு சுற்று மற்றதை அமத்தி நிற்கும்படி இறுக்கிச் சுற்ற வேண்டும். பலர் பிழை விடுவது முலாம் பூசும் இடத்தில். நிக்கல் தொட்டியில் உண்டாகும் ஐதரசன் வாயு கடினமான உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். பூசிய சில மணித்தியாலங்களுக்குள் 200 பாகை அளவில் பல மணித்தியாலம் சூட்டில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்யாத வளையம் கடையில் பளபளவென்று தொங்கும். வாங்கியவர் கையில் ஒரு நாள் வளையாமலே பட்டென்று முறியும்.

மொத்தமாக வாங்கும் வியாபாரிகள் கட்டிலிருந்து நாலைந்தை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு 3 மில்லிமீற்றர் தடிப்பான ஏதாவதொன்றை இடையில் நுழைத்து இருபது தடவை எடுத்துப் போட்டுவிட்டு மீண்டும் வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியாக 10 கிலோ அரிசிப் பையொன்றை ஒரு கொளுக்கியால் வளையத்தில் தொங்கவிட்டு இறக்குங்கள். வளையம் முட்டை வடிவமாகிவிட்டால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பலாம். இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும்.

பெருநாளுக்கும் ஆண்டு நிறைவுக்கும் கடைப் பெயர் அச்சிட்ட கீ டெக் கொடுக்கும் வழக்கம் நல்லதுதான். அட்டையின் வர்ணத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை வளையத்துக்கும் செலவழியுங்கள். வளையம் பிளந்தால் வீதியில் கிடப்பது உங்கள் கடைப் பெயர். இன்னொன்று, அதை உங்கள் கடைத் திறப்பிலேயே மாட்டிக்கொள்ளாதீர்கள். தொலைந்த திறப்பு எந்தப் பூட்டுக்குரியது என்று கண்டெடுத்தவனுக்கு விலாசத்தோடு சொல்லிக் கொடுப்பது போலாகிவிடும். ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் போதும்.

புதிய வடிவம் ஒன்று கைக்கு வந்துவிட்டால், சந்தையில் தொங்கவிடுவதற்கு முன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிந்தால் 5 ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்கும். அதை இன்னும் இரண்டு தடவை ஐந்தைந்து ஆண்டுகளாக நீடிக்கலாம். ஆனால் அது தோற்றத்துக்கு மட்டும்தான். அமத்தினால் நுனி கிளம்புவது போன்ற இயக்கம் உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பாக இருந்தால் அதற்கு ஆக்கவுரிமைப் பத்திரம் கேட்க வேண்டும். அதன் காலம் 20 ஆண்டுகள். வெளிநாட்டில் ஏற்கெனவே இருப்பதை நமது ஊரில் முதலில் செய்தது நான்தான் என்று சொல்லி அதைப் பெற முடியாது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் முந்தைய பதிவுகளை நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.