போல்ட் தலையில் இருக்கும் எண்

கரும்பு வெட்டும் பருவத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலைகளில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் கரும்பு பிதுங்கும் டிரெய்லர். பல டன் எடை. அத்தனையையும் டிராக்டரோடு பிணைத்து வைத்திருப்பவை விரல் கனமுள்ள சில போல்ட்டுகளும் ஒரு கொக்கிப் பின்னும்தான்.

"பதினாறு எம்.எம். போல்ட் நாலு கொடுங்கண்ணே" என்றுதான் கடையில் கேட்கிறார்கள். அளவைச் சொல்கிறார்கள், தரத்தைச் சொல்வதில்லை.

தரம் போல்ட்டின் தலையிலேயே பொறித்திருக்கும்: 4.6, 8.8, 10.9 என்று. முதல் எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு எத்தனை நியூட்டன் இழுவிசை வரை அறாமல் தாங்கும் என்று தெரியும். புள்ளிக்குப் பிறகு வரும் எண், அதில் பத்துக்கு எத்தனை பங்கு வரை போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடாது என்பதைக் காட்டும். நேராக இழுத்தால் 16 மி.மீ. 4.6 போல்ட் சுமார் 6.4 டன் வரை தாங்கும். அதே பருமனுள்ள 8.8 போல்ட் சுமார் 12.8 டன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண்ணைத் தவிர வித்தியாசமே தெரியாது. எண் இல்லாத போல்ட்டைக் கொக்கிக்குப் போடவே கூடாது. நட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும்; 8.8 போல்ட்டுக்கு 8 என்று பொறித்த நட்டு. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காதுதான். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை, பலத்தில் 8.8-ஐ விடக் குறைவு.

நல்ல போல்ட்டையும் பட்டறையில் கெடுத்துவிட முடியும். 8.8 போல்ட்டின் பலம், எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்துப் பதமேற்றியதால் வந்தது. ஓட்டை ஒத்துவரவில்லை என்று உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்தாலோ, நட்டு கழலாமலிருக்க வெல்டிங் வைத்தாலோ அந்தப் பதம் போய்விடும். தலையில் எண் அப்படியே இருக்கும், உள்ளே பலம் இருக்காது.

இறுக்கமும் பலத்தோடு சேர்ந்ததுதான். இறுக்கிய போல்ட் இரண்டு தகடுகளையும் அழுத்திப் பிடிக்கிறது. அந்த உராய்வுதான் இழுவையைத் தாங்குகிறது. தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் தகடு போல்ட்டை இடிக்கும். ஓட்டை முட்டை வடிவமாகும், போல்ட்டில் விரிசல் விழும். இறுக்கியதும் நட்டிலிருந்து தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

பின் விஷயத்தில்தான் அலட்சியம் அதிகம். கொக்கிப் பின் மேலே எழும்பாமல் தடுப்பது அதன் அடியில் மாட்டும் சின்னக் கிளிப். அது தொலைந்தால் ஆணியோ கட்டுக்கம்பியோதான் அந்த இடத்துக்கு வருகிறது. பின்னே தொலைந்தால் கட்டடக் கம்பித் துண்டு! ஆணி குலுங்கிக் குலுங்கி விழுந்துவிடும்; ஓட்டைக்குப் பொருந்தாத கம்பி ஆடி ஆடித் தேயும். கழன்ற டிரெய்லருக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கலாம்.

இன்றிரவு வண்டியை நிறுத்தியதும் டார்ச் அடித்துக் கொக்கியைக் குனிந்து பாருங்கள். எண் இல்லாத போல்ட்டோ, கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் ஆணியோ கண்ணில் பட்டால், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.