தூசி அடங்கிய காற்று

ஒலியை மிஞ்சிப் பாயும் காற்றுத் தாரையின் அடர்த்தியை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உள்ளே எதையும் நுழைக்காமல்தான். மெல்லிய கம்பியை நீட்டினாலும் அதன் முன்னே அதிர்ச்சி அலை எழுந்துவிடும். பிறகு அளப்பது கம்பி கெடுத்த காற்றை.

அதனால் லேசர். பச்சைக் கற்றை தாரையைக் குறுக்கே கடக்கும்போது மூலக்கூறுகள் அதில் மிகச் சிறு பங்கைச் சிதறடிக்கின்றன. வானத்தை நீலமாக்கும் ராலே சிதறலேதான். மூலக்கூறுகள் கூடக்கூட ஒளியும் அதே விகிதத்தில் கூடும். ஃபோட்டான்களை எண்ணினால் அடர்த்தி தெரிந்துவிடும். ராலே பிரபு 1904-இல் நோபல் பரிசு பெற்றதே வாயுக்களின் அடர்த்தியை ஆராய்ந்ததற்கும் ஆர்கானைக் கண்டறிந்ததற்கும்தான். குடுவையில் வாயுவை அடைத்து எடை பார்த்தவரின் ஒளிக்கணக்கு இன்று தராசாகியிருப்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், நாசா கிளென் ஆய்வு மையத்தில் ஜயந்த பாண்டாவும் ரிச்சர்ட் சீஷோல்ட்ஸும் மாக் 1.4, 1.8 வேகத் தாரைகளை இப்படி அளந்தார்கள். வெளியே மைக்ரோஃபோன் வைத்து, அடர்த்தியின் எந்தத் துடிப்பு இரைச்சலாகிறது என்று தேடினார்கள்.

என் மனம் நிற்பது தூசியில். பாட்டி வீட்டு அடுப்படிக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலை வெயில் அதன் வழியே சாய்வாக இறங்கும். பாட்டி முறத்தில் புடைத்தால் அந்த வெயில் பளீரென்று வெள்ளைத் தூணாக நிற்கும். தூசி அடங்கினால் தூணும் மறையும். காற்று அப்போதும் ஒளியைச் சிதறடித்துக்கொண்டுதான் இருந்தது, நம் கண்ணுக்கு எட்டவில்லை. மிக நுண்ணிய துகளின் விட்டம் இரட்டித்தால் அது சிதறடிக்கும் ஒளி 64 மடங்காகும். ஒரு தூசி போதும், மூலக்கூறுகளின் மங்கிய வெளிச்சம் அமுங்கிப்போகும்.

ஆகவே தாரைக்கான காற்றை வடிகட்டினார்கள். தாரை பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அதைச் சுற்றிலும் தூய காற்றை மெதுவாகப் பாயவிட்டார்கள். ஈரமும் ஆகாது: 27 டிகிரிக் காற்று மாக் 1.4-க்கு விரியும்போது சுமார் மைனஸ் 58 டிகிரிக்குக் குளிரும்; ஈரம் உறைந்து துகளாகிவிடும்.

இந்தத் துப்புரவைத்தான் நாம் மதிப்பதில்லை. லேசர் வாங்கினால் விழா எடுக்கிறோம். வடிகட்டி மாற்றப் பணம் கேட்டால் முகம் சுளிக்கிறோம். துடைப்பதும் சோதனையின் பாதிதான் என்று மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். நான் படித்த கல்லூரியில் நிறமாலைமானியின் லென்சை யாரும் துடைத்ததில்லை, எங்களையும் துடைக்க விடவில்லை. சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு உண்மையில் இரண்டு கோடுகள் என்பதை மூன்று ஆண்டும் புத்தகப் படத்தில்தான் பார்த்தேன்.