கயிறு வீசிய கைகள்

2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் சாலை சவுத்தில் தரை உள்வாங்கி, போய்க்கொண்டிருந்த காரை அப்படியே விழுங்கியது. பக்கத்திலேயே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்க் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே மேற்பார்வையாளராக இருந்த பிச்சை உடையப்பன் சுப்பையாவும் கூட இருந்த ஊழியர்களும் நைலான் கயிறு ஒன்றை வீசி, காரைவிட்டு வெளியே வந்திருந்த பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. தேக்காவில் எந்தக் கோப்பிக்கடையிலும் இதே பேச்சு. நான் அவசரப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் என்று தெரிந்த, இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டான்: "அந்த நேரத்துல மனுசனுக்கு எங்கருந்தும்மா அவ்வளவு பலம் வருது?"

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் சில கிராம் எடையில் தலா ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் நரம்பு வழியே அதற்குக் கட்டளை போகிறது. அது சுரக்கும் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக, அழுத்தமாக அடிக்கிறது. மூச்சுக்குழாய்கள் விரிகின்றன. கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையை வெளியே விடுகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. பயந்தவர் முகம் வெளுப்பது அதனால்தான்.

புதிதாகத் தசை எதுவும் முளைப்பதில்லை. இருக்கிற தசைக்குத் தீனி தாராளமாகக் கிடைக்கிறது, வலி அந்நேரம் பின்னுக்குப் போகிறது. அவ்வளவுதான். ஒற்றை ஆளாகக் காரைத் தூக்கிய கதைகளை நான் முழுசாக நம்புவதில்லை.

இந்தச் சுரப்பு மருந்தாகவும் எங்கள் கையில் புழங்கியது. 1901-இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தக்காமினே இதைப் பிரித்தெடுத்த சேதியை அறிவித்தார். இறால் சாப்பிட்டுத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறி வருபவருக்குத் தொடையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் போடுவோம். மூச்சு திரும்பும், கூடவே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். "சிஸ்டர், எனக்கு ஹார்ட் அட்டாக்கா?" என்று அவர்கள் பதறிக் கேட்பார்கள். ஆபத்து விலகிக்கொண்டிருக்கும்போது உடம்பு மட்டும் பயந்துகொண்டிருக்கும்.

நடுங்கும் விரலால் நுணுக்கமான வேலை செய்ய முடியாது. கவனமும் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றுவிடும். நின்றுபோன இதயத்தை முதன்முறை எதிர்கொள்ளும் புதுத் தாதிக்கு ஊசிமருந்தின் மூடிகூடத் திறக்க வராது. பக்கத்தில் நின்று சொன்னாலும் காதில் விழாது. அதனால்தான் பயிற்சி, பயிற்சி என்று அவர்களை வாட்டுவோம். சுப்பையாவின் குழுவில் எனக்கு வியப்பு பலத்தைப் பற்றியல்ல. அந்த மாதிரி நேரத்தில் கயிறு என்று தோன்றியதே, அதுதான். வேலையிடத்தில் பழகிய கை தானாக எடுத்திருக்கும் என்பது என் எண்ணம். மனிதவள அமைச்சு அவர்களுக்கு நினைவு நாணயம் கொடுத்தது. அதிபர் தர்மன் இஸ்தானாவுக்கு அழைத்தார். நல்லது.

எல்லாம் முடிந்தபின் முழங்கால் துவளும், சிலருக்கு அழுகை வரும். ஆண்பிள்ளைகள் இதற்கு வெட்கப்படுவார்கள், தேவையே இல்லை. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஆனால் பின்னால் வரும் கார்ட்டிசால் என்ற சுரப்பு சீக்கிரம் அடங்காது. அப்படிப்பட்டவரை உட்காரவைத்துச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். உடனே அடுத்த வேலைக்கு லாரி ஏற்றாதீர்கள்.

"அப்போ ஏஜென்ட் கடன் கேட்டுப் போன் பண்ணாலும் இதேதானா?" என்றான் தம்பி.

இதேதான். புதைகுழிக்கும் கடன்காரன் குரலுக்கும் அந்தச் சுரப்பி பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை. குழி ஒரு நாள் கதை. கடன் மாதக்கணக்கில் தொடர்வது. ஓடவும் இடமில்லை, இழுக்கவும் கயிறில்லை. இறக்கிய சர்க்கரை செலவாகாமல் நிற்கும். தூக்கம் கெடும், நாளடைவில் ரத்த அழுத்தம் ஏறவும் கூடும்.

கடைசியாக எப்போது அழுத்தம் பார்த்தாய் என்று கேட்டேன். வேலை அனுமதிக்காக மருத்துவப் பரிசோதனை செய்தபோது பார்த்ததோடு சரி என்றான். என் வீட்டில் கருவி இருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை, கோப்பி குடிக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன்.