கிந்தாவின் மண் கடலுக்குப் போன கதை



பெருமழை பெய்த மறுநாள் கிந்தா ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். பால் கலந்த தேநீரைப்போல் ஓடும். அந்த நிறம் எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேருகிறது என்று இன்று பார்ப்போம்.

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. பின்னர், ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியிலிருந்து எழுந்த பாறைக் குழம்பு கருங்கல்லாக இறுகியது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைகளும் அதுதான். அந்தக் குழம்போடு வந்ததே ஈயத் தாது. மழை மலையைக் கரைக்க, தாது பள்ளத்தாக்கிற்கு இறங்கியது. மணலைவிட இரண்டரை மடங்கு கனமானதால் சுண்ணாம்புத் தரையின் குழிகளில் தங்கிவிட்டது.

ஈயம் எடுத்தவர்களும் இதே தந்திரத்தைத்தான் கையாண்டார்கள். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, குழம்பைப் பம்பினால் ஏற்றி, பாலோங் என்னும் நீண்ட மரக்கால்வாயில் ஓடவிட்டார்கள். தாது நின்றது. மணலும் சேறும் வெளியேறின. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் அன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, ரயில் பாதை திறந்தார்கள். ஈயம் ரயிலில் போயிற்று. சேறு ஆற்றிலேயே போயிற்று.

பழி சுரங்கத்தை மட்டும் சேராது. தொடக்க காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது துரைமார் கட்டளை. நம் பாட்டிமார் குனிந்து குனிந்து புல்லைப் பிடுங்கினார்கள். மூட ஒன்றுமில்லாத சரிவில் மேல்மண் மழையோடு இறங்கியது. மரங்களுக்கிடையே பயற்றினக் கொடிகளைப் படரவிட வேண்டும் என்ற அறிவு பின்னரே வந்தது.

இத்தனை மண்ணும் பேராக் ஆற்றில் கலந்து, தெலுக் இந்தானைக் கடந்து, பாகான் டத்தோ பக்கம் கடலைச் சேர்கிறது. அங்கே என்ன நடக்கிறது? ரப்பர்ப் பாலில் ஆசிட் ஊற்றினால் உறைகிறதல்லவா? அதுபோல, உப்பு நீர் பட்டதும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் இறங்குகின்றன. முகத்துவாரத்துச் சேறு இப்படித்தான் பிறக்கிறது. அளவான சேறு கண்டல் மரங்களுக்கு உணவு. அளவு மீறினால் படகு செல்லும் வழி மேடாகும். சிப்பிகள் மூச்சுத் திணறும். சேற்றைப் பிடித்து நிறுத்தும் கண்டல் காட்டையும் பல இடங்களில் வெட்டி, வரப்புக் கட்டித் தென்னை வைத்தார்கள்.

1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1938-இல் கட்டிய ஓர் ஈயக்கப்பல் தஞ்சோங் துவாலாங் அருகே காட்சிப்பொருளாக நிற்கிறது. ஈயக்குட்டைகளும் வெண்மணல் வெளிகளும் மிஞ்சின. (அந்தக் குட்டைகள் கரையோரத்திலேயே திடீரென ஆழமாகும், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.) சுரங்கச் சேறு நின்றாலும், மரம் வெட்டித் திறந்து கிடக்கும் சரிவுகளிலிருந்து மண் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த மழைக்குப் பிறகு கலங்கிய ஆற்றுநீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுத்து வையுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். எது முதலில் தெளிகிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.