துருப்பிடித்த மொறிஸ் மைனர்

அயலவர் ஒருவர், தந்தை விட்டுச்சென்ற மொறிஸ் மைனரைப் புதுப்பிக்க நம்மிடம் யோசனை கேட்டார். ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் தகரம் எம்மட்டு!

அலெக் இசிகோனிஸ் வகுத்து 1948இல் வெளிவந்த அவ்வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே அதன் எலும்பு. கதவடித் தகட்டிலும் தரையிலும் துரு ஏறினால், கெடுவது அழகு மட்டுமன்று. உள்ளிருக்கும் குடும்பத்தின் உயிருக்கே ஆபத்து. பட்டி பூசி வர்ணமடிப்பது வெறும் ஏமாற்று. துருவை வெட்டியெறிந்து புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்தல் வேண்டும். வெட்டுமுன் கதவு வாயிலில் குறுக்கே முட்டுக் கொடாவிடின், உடல் தொய்ந்து பின்னர் கதவே பூட்டாது.

பிரித்தானியாவில் உற்பத்தி நின்று பல்லாண்டுகளின் பின், 1990களில், மைனருக்கான தகடுகள் நம் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அயலவர் இதைக் கேட்டதும் தகடு தேடப் புறப்பட்டுவிட்டார்.