ஒப்புக்குச் சிரிக்கச் சொல்லாதீர்கள்

நாம் ஒரு நாளில் சிரிக்கும் சிரிப்பில் பெரும்பகுதி வேடிக்கைக்காக வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், பொது இடங்களில் மனிதர்கள் இயல்பாகப் பேசிக்கொள்ளும்போது எழுந்த 1200 சிரிப்புகளைத் தம் மாணவர்களோடு குறித்து வைத்தார். நகைச்சுவை என்று சொல்லத்தக்க ஏதோவொன்றைத் தொடர்ந்து வந்தவை அவற்றில் 20 விழுக்காடுகூட இல்லை. மற்றவை "சரி, நான் கிளம்புறேன்" போன்ற சாதாரணப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார் என்பதையும் அவர் கண்டார். 'உன்னோடு எனக்குப் பகை இல்லை, பேச்சைத் தொடரலாம்' என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவே நாம் இப்படிச் சிரித்து வைக்கிறோம். அதைப் பொய் என்று இழித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலேசியாவில், சுங்கை காடுட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துரை, கிராணி, தண்டல் என்று தலைக்கு மேல் படிப்படியாக ஆள் இருந்த வாழ்க்கை அது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும்போது மேலே இருப்பவர் ஏதாவது வேடிக்கை பேசினால் சிரித்து வைப்பதுதான் பாதுகாப்பு. சிரிக்காத முகம் திமிராகப் படும். அதன் பலன் மறுநாள் வேலையில் தெரியும். அவர்கள் செய்தது மானக்கேடான காரியம் இல்லை, பிழைப்புக்குக் கற்ற பாடம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்தாயிற்று. பாடம் மட்டும் பிள்ளைகளுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது: "பெரியவங்க பேசுறப்ப உம்முன்னு நிக்காத, சிரி."

இந்தப் பாடம் ஏறாத பிள்ளைகள் உண்டு. தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு வந்த அங்கள் ஒருவர், வீட்டுப் பையனைப் பார்த்து, "என்னா தம்பி, இப்படி மெலிஞ்சு போய்ட்ட? அம்மா சோறே போடறதில்லையா?" என்கிறார். கூடமே சிரிக்கிறது. ஆட்டிசம் உள்ள பையன், "போடறாங்க அங்கள். காலையில நாசி லெமாக் சாப்பிட்டேன்" என்கிறான். இப்போது இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். கேட்ட கேள்விக்கு அவன் உண்மையான பதில்தான் சொன்னான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவன் முகம் மாறாமல் நிற்பதைப் பார்த்து, மரியாதை தெரியாத பிள்ளை என்று யாரோ முணுமுணுக்கிறார்கள்.

அவனைப் புரிந்துகொள்ளச் சிரிப்பு உடம்பில் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அடக்க முடியாமல் பீறிட்டு வரும் சிரிப்பு, மூளையின் பழைய, உணர்ச்சியோடு கட்டுண்ட பகுதிகளிலிருந்து எழுகிறது. நாமாக வரவழைக்கும் சிரிப்பு, பேச்சைப் போலவே, நம் விருப்பப்படி தசைகளை இயக்கும் பாதையில் வருகிறது. புன்னகையிலும் இந்த வேறுபாடு உண்டு. 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன், உதட்டோரத்தை இழுக்கும் தசையை எவரும் நினைத்தவுடன் அசைக்கலாம், உள்ளம் மகிழும்போது கண்ணைச் சுற்றிச் சுருங்கும் தசை அப்படிச் சொன்னபடி கேட்காது என்று எழுதினார். ஓசையிலும் வேறுபாடு தெரியும். தானாக வரும் சிரிப்பில் குரல் உயர்ந்து மூச்சு தாறுமாறாகும். 21 சமூகங்களில் ஒலிப்பதிவுகளைக் கேட்கவைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், எந்தச் சிரிப்பு தானாக வந்தது, எது வரவழைத்தது என்று எல்லாச் சமூகத்தவரும் குத்துமதிப்பைவிட நன்றாகவே பிரித்தறிந்தார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறோம். அது தவறு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சோஃபி ஸ்காட்டின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நம் வீட்டு மாமாக்கள் சொல்வது போன்ற 40 மொக்கை ஜோக்குகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிரிப்பொலியைச் சேர்த்தார்கள். சில இயல்பான சிரிப்பு, சில வரவழைத்த சிரிப்பு. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக 72 பேர் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். இயல்பான சிரிப்பு சேர்ந்தபோது ஜோக்கின் மதிப்பெண் கூடுதலாக ஏறியது, இரு சாராரிடமும். இன்னும் சொன்னால், ஆட்டிசம் உள்ளவர்கள்தாம் அந்த ஜோக்குகளுக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுத்தார்கள். அவர்களுடைய காதில் குறை இல்லை. 2009-இல் வெளியான வேறோர் ஆய்வு ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் சிரிப்பையே ஆராய்ந்தது. மற்றக் குழந்தைகள் முழுக்குரலில் சிரித்ததோடு, மூச்சு மட்டும் வெளிவரும் சின்னச் சிரிப்பும் சிரித்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பெரும்பாலும் முழுக்குரல் சிரிப்பே இருந்தது. உள்ளே மகிழ்ச்சி இருந்தால் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று அந்த ஆய்வாளர்கள் அதை விளக்கினார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே? வரவழைத்த சிரிப்பைக் கேட்கும்போது, 'இவர் ஏன் சிரிக்கிறார்' என்று பிறர் மனத்தை ஆராயும் மூளைப்பகுதி கூடுதலாக இயங்குவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பெரும்பாலோருக்கு அந்த ஆராய்ச்சி நொடியில், தெரியாமலே நடந்து முடிந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்வதோ வேறு: சிரிப்பு மெய்யில்லை என்று தெரிகிறது, அது அன்பா கேலியா என்பதுதான் தெரியவில்லை. பள்ளியில் கூட்டமாகச் சிரித்தவர்களுக்கு நடுவே நின்ற அனுபவம் அவர்களில் பலருக்கு உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்பெர்கர் வகை ஆட்டிசம் உள்ளவர்களில் 45 விழுக்காட்டினரிடம், பிறர் தம்மைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற அச்சம் சிறிதளவேனும் இருந்தது. மற்றவர்களிடம் 6 விழுக்காடு. தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் எள்ளலே முதலில் நிற்கிறது. ஒப்புக்குச் சிரிப்பது அந்த நான்கிலும் இல்லை. அடிபட்ட ஒரு பிள்ளை எல்லாச் சிரிப்பையும் எள்ளல் என்று எடுத்துக்கொள்வதில் என்ன வியப்பு?

கேட்பதைவிடத் தானே சிரித்து வைப்பது இன்னும் கடினம். எந்த இடத்தில் சிரிப்பது, எவ்வளவு உரக்க, எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு ஓடும்போதே எதிரில் இருப்பவர் சொல்வதையும் கேட்க வேண்டும். நமக்குத் தாய்மொழி போல வருவது அவர்களுக்கு நாள் முழுக்க அந்நிய மொழி பேசுவதாக இருக்கிறது. இப்படி இயல்பை மறைத்து வாழ்வது ஆளைச் சோரவைக்கிறது, தான் யார் என்பதே மறந்துபோகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் ஆய்வாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு அது பொய் சொல்வது போன்ற குற்ற உணர்ச்சியையும் தருகிறது. எல்லாரும் ஒரே மாதிரி என்று எண்ணிவிடக் கூடாது. விரும்பிக் கற்று, பயனுள்ள பழக்கம் என்று வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிறரின் ஒப்புச் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் போகிறவர்களும் உண்டு.

ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் முன்வைத்த கருத்து எனக்கு மிக நேர்மையானதாகப் படுகிறது. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார் அவர். அந்தப் பையனுக்கு அங்களின் கேலி புரியவில்லை. அங்களுக்கும் அந்தப் பையனின் நேரான பதில் புரியவில்லை. ஆனால் மாறிக்கொள்ள வேண்டிய பாரத்தை ஒருவன் தலையில் மட்டும் ஏற்றுகிறோம்.

ஆகவே வீட்டில் செய்யக்கூடியது, "சிரி" என்று பிள்ளையின் தொடையைக் கிள்ளுவதை முதலில் நிறுத்துவது. எல்லாரும் சிரித்த பிறகு, "அங்கள் உன்மேல பாசத்துல கேட்டாரு, கேலி பண்ணல" என்று ஒரு வரி சொன்னால் போதும். கேலியாகவே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, கேலி செய்தவரிடம் பெற்றோர் பேச வேண்டும். சிரிப்பு வராத இடத்தில், "அப்படியா அங்கள்" என்று சொல்லிவிட்டு நகரலாம் என்று பிள்ளைக்கு ஒரு வழி காட்டலாம். அதுவும் மரியாதைதான்; யாரும் மனம் வருந்தப் போவதில்லை.

வேலையிடத்தில் இது சோற்றுப் பிரச்சினை. துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டை போன்ற இடத்தில் வேலைக்குச் சேரும் ஆட்டிசம் உள்ள இளைஞர், கருவியைச் சரியாக ஓட்டியும், கேண்டீனில் ஒட்டாதவர், சூப்பர்வைசர் ஜோக்குக்கு முறைக்கிறவர் என்று பெயர் வாங்கிவிடக்கூடும். 'எனக்கு ஆட்டிசம் உண்டு, நான் சிரிக்காவிட்டால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லுங்கள்' என்று முன்கூட்டியே தெரிவிப்பது பலருக்கு உதவியிருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். உதவி தேடுவோருக்கு, மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. மருத்துவர் உறுதிசெய்த பிறகு சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், ஆட்டிசம் அங்கே கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதிவாகிறது. சிறுவயதில் யாரும் கவனிக்காமல் விட்டுவிட்ட பெரியவர்களும் அரசு மருத்துவமனை வழியாக இதைத் தொடங்கலாம்.